மனைகள் நிறைய, வீடுகள் எங்கே? கடலூர், சிதம்பரம் பக்கத்து வரலாறு ஒன்று

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று தாண்டும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வயலும் சவுக்குத் தோப்பும் மாறி மாறி வரும். நடுநடுவே வரிசையாகக் கல் நட்ட நிலம் வரும். கலர் கொடிகள், 'நகர்' என்று முடியும் பெயரோடு ஒரு நுழைவு வளைவு, உள்ளே செம்மண் சாலை. கல்லைச் சுற்றி வேலிக்கருவை வளர்ந்திருக்கும். வீடு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும்.

அதே நாளில் டவுனுக்குள் போய், மாதம் முப்பதாயிரம் சம்பளம் வாங்கும் ஒரு குடும்பத்துக்குக் காற்றோட்டமாக, தண்ணீர் வசதியோடு ஒரு வாடகை வீடு தேடிப் பாருங்கள். அலுத்துப் போவீர்கள். ஒரு பக்கம் காலி மனைகள், இன்னொரு பக்கம் வீட்டுக்கு அலைச்சல். இரண்டும் ஒரே ஊரில் எப்படி இருக்க முடியும்?

இது நம் ஊர் விசித்திரம் மட்டும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் காலியாகக் கிடந்த வீடுகளும் கட்டடங்களும் சுமார் 2.46 கோடி. நகரங்களில் மட்டும் 1.11 கோடி. மறு வருடம், 2012ல், மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்று சொன்னது. அதில் தெருவில் படுப்பவர்கள் சிறு பகுதிதான். ஏறக்குறைய 1.5 கோடி, ஒரே வீட்டுக்குள் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள். கல்யாணமான பையன் தனிக்குடித்தனம் போக இடமில்லாமல் கூடத்தில் திரை கட்டிப் படுக்கிறானே, அவன்தான் இந்தப் பற்றாக்குறை.

நாற்பது வருடமாக இந்த மாவட்டத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. வீடு கட்ட ஆரம்பித்து அது கைமாறும் வரைக்கும் பணம் முடங்கும், விலை ஏறும், வாங்குகிறவன் வராமல் போவான். இந்தப் பயத்தை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். யார் சுமக்கிறார்களோ, அவர்களுக்கு ஏற்ற வீடுதான் ஊரில் எழும்பும். யாரும் சுமக்க முன்வராத வீடு எழும்பாது. இதை நம் ஊர் வரலாற்றை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் கூரை வீட்டுக் காலம். தென்னாற்காடு மாவட்டமாக இருந்தபோது கிராமத்தில் மூன்று வகை வீடுகளைத்தான் சொல்வோம். கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு. கூரை வீட்டுக்குச் சவுக்குக் கழி, மூங்கில், தென்னங்கீற்று, பனை ஓலை, சுவருக்கு மண் போதும். எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். கட்டுகிறவனும் வசிக்கிறவனும் ஒருவனே. கடன் வேண்டாம், பிளான் வேண்டாம். ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்கொரு முறை கீற்று மாற்ற வேண்டும். ஒரு தீப்பொறி போதும், தெருவே போய்விடும். ஒரு புயலுக்கும் அதே கதிதான். கட்டச் செலவு குறைவு, காப்பாற்றுகிற செலவுக்கு ஆயுள் முழுக்க முடிவில்லை.

அடுத்து, நிறுவனமே வீடு கட்டிய காலம். இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1929ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தொடங்கினார். சுற்றிலும் வயல். பேராசிரியர்களையும் வெளியூர் மாணவர்களையும் வரவழைக்க வேண்டுமானால் முதலில் தங்க இடம் வேண்டும். விடுதிகளும் ஊழியர் குடியிருப்பும் எழுந்து அண்ணாமலைநகர் என்று தனி ஊரே உருவானது.

அதைவிடப் பெரிய கதை நெய்வேலி. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முந்திரியும் புதரும் கிராமங்களும் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். வீடு இல்லாவிட்டால் ஆள் வரமாட்டான், ஆள் வராவிட்டால் நிலக்கரி வராது. அதனால் நிறுவனமே வட்டம் வட்டமாக வீடுகளைக் கட்டியது. அகலச் சாலை, மரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தே வந்தன. வீட்டை விற்று லாபம் பார்க்க வேண்டிய தேவை அந்த நிறுவனத்துக்கு இல்லை. வீடு அதற்கு ஒரு இயந்திரம் மாதிரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் நிலம் கொடுத்த கிராமத்துக்காரர்கள் தங்கள் வீட்டை இழந்துதான் அந்த ஊர் உருவானது. இன்னொன்று, குவார்ட்டர்ஸ் வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது வருடம் நல்ல வீட்டில் இருந்தவர், அறுபது வயதில் கையில் மொத்தமாக ஒரு தொகையோடு வடலூர், இந்திரா நகர், கடலூர், சிதம்பரம் என்று மனை தேடுகிறார். இந்த ஆளை நினைவில் வையுங்கள். மீண்டும் வருவார்.

மூன்றாவது, பெர்மிட் காலம். இளைஞர்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். 1982 வரை சிமெண்ட் முழுக்க அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் பாதிக் கட்டுப்பாடு விலகியது. 1989ல்தான் முழுதாகப் போனது. அதற்கு முன் வீடு கட்டுகிறவர் விண்ணப்பம் எழுதி, அலுவலகத்துக்கு நடந்து, பெர்மிட் வாங்கி, மூட்டைகளை எண்ணி வாங்க வேண்டும். எனக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் அஸ்திவாரம் போட்டுவிட்டு இரண்டு மழைக்காலம் காத்திருந்தார். செங்கல் அடுக்கில் பாசி பிடித்துவிட்டது. அவர் மனைவி அதைப் பார்த்துச் சொல்வார், "சுவர் எழும்பறதுக்குள்ள நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு வந்துடுவா."

கடனும் அப்படித்தான். வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. தொடங்கியது 1977ல். தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988ல். அவையெல்லாம் நம் சிறு ஊர்களுக்குப் பழக்கமாக இன்னும் பல வருடம் ஆனது. அதுவரை பி.எஃப். முன்பணம், கூட்டுறவு வீடு கட்டும் சங்கம், சீட்டு, மனைவியின் நகை இவைதான் வங்கி. அதனால் நம்மவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டைத் தவணையில் கட்டினார்கள். முதலில் கீழே இரண்டு அறை. பெண் கல்யாணம் முடிந்தபின் முன்பக்கம் ஒரு வராண்டா. பையன் சம்பாதித்தபின் மாடி. தளத்துக்கு மேல் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த அந்தக் கம்பிகள் அடுத்த மாடி வரும் என்கிற நம்பிக்கையில் நிற்பவை. கொல்லத்துக்காரரும் மேஸ்திரியும் வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டியவைதான் நம் ஊரின் பெரும்பாலான மெத்தை வீடுகள். இங்கே பயத்தைச் சுமந்தது குடும்பம். அதனால் குடும்பத்தின் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில்தான் வீடு வளர்ந்தது.

இனி நான்காவது, மனைக் காலம். சிமெண்ட் தாராளமாகக் கிடைத்தது. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வந்தது. சம்பளக் கமிஷன் வந்தது. நெய்வேலியில் ஓய்வு பெற்ற அந்த நண்பரும் வந்துவிட்டார். இவ்வளவு பேர் கையில் பணத்தோடு நிற்கும்போது யாராவது வீடு கட்டி விற்றிருக்க வேண்டும் அல்லவா? விற்றார்கள், மனையை.

புரமோட்டரைத் திட்டுவது எளிது. அவர் இடத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலத்துக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுகிறார், அல்லது பவர் வாங்கிக்கொள்கிறார். கல் நடுகிறார். தவணைத் திட்டம் போட்டு நம்மிடம் பணம் வாங்குகிறார். அந்தப் பணத்திலேயே நிலத்துக்காரருக்கு மீதியைக் கொடுக்கிறார். சொந்தப் பணம் முடங்குவது சில மாதம்தான். வீடு கட்டி விற்பதென்றால்? ஒரு வருடம் பணம் முடங்கும். கம்பி விலை ஏறும், மணல் நிற்கும். கட்டி முடித்தபின் வாங்க வருகிறவர் "சமையலறை அக்னி மூலையில் இல்லையே" என்பார். இந்தத் தலைவலி அவருக்கு எதற்கு? அவர் அறிவோடுதான் நடந்துகொள்கிறார். ஊருக்கு வேண்டியது வீடு, அவருக்கு லாபம் தருவது மனை. சிக்கல் அங்கேதான்.

இன்னொரு கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து ஏக்கர் என்பது 2,17,800 சதுரடி. முறையாக அனுமதி வாங்கும் மனைப்பிரிவில் சாலைக்கு முப்பது சதவீதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதியில் பத்து சதவீதம் பூங்கா, பொது இடத்துக்கு. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுரடி மனையாகப் பிரித்தால் 114 மனை தேறும். அனுமதி வாங்காமல், சாலையைக் குறுக்கி, பூங்காவை விட்டு, மொத்தமாக இருபது சதவீதம் மட்டும் ஒதுக்கினால் 145 மனை. முப்பத்தோரு மனை அதிகம். அந்த முப்பத்தோரு மனையின் விலைதான் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரமே கிடையாது. ஆனாலும் தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கில் அப்படி விற்றார்கள், வாங்கினோம்.

2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடியது ஞாபகம் இருக்கும். பெண் கல்யாணத்துக்கு மனையை விற்க வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ஏற்கனவே குறுகிப்போன சாலை அகலமாகுமா, விடுபட்ட பூங்கா திரும்பி வருமா? கட்டணம் ரசீதாகத்தான் மாறும், நிலமாக மாறாது.

எல்லா மனையையும் ஒரேயடியாக ஏன் விற்பதில்லை என்றும் கேட்கலாம். 'முதல் கட்டம்', 'இரண்டாம் கட்டம்' என்று விளம்பரம் வரும். மூலை மனைகளும் சாலையோர மனைகளும் கடைசியில்தான் வெளியே வரும். மொத்தத்தையும் ஒரே நாளில் சந்தைக்குக் கொண்டுவந்தால் விலை இறங்கும். இதே விஷயத்தை இங்கிலாந்தில் ஒரு அரசு ஆய்வே சொல்லியிருக்கிறது. அனுமதி கிடைத்த பின்னும் பெரிய கம்பெனிகள் ஏன் மெதுவாகவே வீடு கட்டுகின்றன என்று பார்க்க முன்னாள் அமைச்சர் ஆலிவர் லெட்வினை நியமித்தார்கள். 2018ல் அவர் சொன்ன முடிவு: வட்டாரத்து விலை சரியாமல் எத்தனை வீடு விற்குமோ அத்தனைதான் கட்டுகிறார்கள். ஒரே மாதிரி வீட்டையே கட்டாமல் வாடகை வீடு, சிறு வீடு என்று பல வகையாகக் கட்டினால்தான் வேகம் கூடும் என்றார். லண்டனோ புதுச்சத்திரமோ, விற்கிறவன் மனசு ஒன்றுதான்.

வாங்குகிற நாமும் சும்மா இல்லை. நமக்கு மனை என்பது பாதி வீடு, பாதி நகை. "கிடக்கட்டும், விலை ஏறும்" என்று போட்டு வைக்கிறோம். பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பையன் சிங்கப்பூரில் அடுக்குமாடி கட்டும் வேலை செய்கிறான், தொழிலாளர் விடுதியில் படுக்கிறான், மிச்சம் பிடித்ததை அனுப்பி ஊரில் ஒரு மனை வாங்குகிறான். அந்தச் சிங்கப்பூரில் 1960ல் அரசே வீட்டு வாரியம் அமைத்துப் பயத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. இன்று அந்நாட்டு மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு நெருக்கமானவர்கள் அரசு கட்டிய வீட்டில் வசிக்கிறார்கள். நம் பையன் வாங்கிய மனையில் கருவை முளைக்கிறது.

நம் அரசு எதுவும் செய்யவில்லையா? செய்தது. சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 1961ல் வீட்டுவசதி வாரியம் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மார்ச்சில் வந்த 172ஆம் எண் அரசாணை, கடலோரத்தில் 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் உள்ளே தள்ளி வரச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு என்றது. வராதவர்கள் இருந்த இடத்தில் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. தொண்டு நிறுவனங்கள் வேகமாகக் கட்டின. இங்கே பயம் முழுவதும் கொடுக்கிறவருடையது, அதனால் முடிவும் அவருடையதே. வலை எங்கே உலர்த்துவது, படகை எங்கிருந்து பார்ப்பது என்பது வரைபடத்தில் கடைசியாகத்தான் வந்தது. ஆனாலும் அடுத்த புயலில் தலைக்கு மேல் காங்கிரீட் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2010ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கும் நோக்கம். 2011ல் சூரிய ஒளி பசுமை வீடு, 300 சதுரடி, 1.80 லட்சம் ரூபாய். அந்த வருடம் டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் நம் கூரைகளையும் பலா, முந்திரித் தோப்புகளையும் ஒரே விடியலில் வாரிக்கொண்டு போனபின், பாதித்த பகுதிக்குக் காங்கிரீட் வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2024ல் கலைஞரின் கனவு இல்லம், 3.5 லட்சம் ரூபாய். ஆட்சி மாறினாலும் திட்டம் தொடர்ந்தது நம் மாநிலத்தின் நல்ல குணம். கிராமங்களில் கூரை வீடு குறைந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நிபந்தனை: சொந்த மனை, கையில் பட்டா. புறம்போக்கில் இருப்பவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் கதவு திறக்காது.

இப்போது கூட்டிப் பாருங்கள். நிறுவனம் தன் ஊழியருக்குக் கட்டியது. அரசு பட்டா உள்ள ஏழைக்குக் கட்டியது. குடும்பம் தனக்குத்தானே கட்டிக்கொண்டது. புரமோட்டர் மனை விற்றார். தனியார் பள்ளி ஆசிரியை, மருந்துக்கடைப் பையன், சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளி, கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் ஆகியோருக்கு வாடகை வீடு கட்டியது யார்? யாரும் இல்லை. ஓய்வு பெற்றவர் மாடியில் எடுத்த ஒரு போர்ஷன்தான் அவர்களுக்கு மிச்சம். அதுவும் பத்து மாத அட்வான்ஸ், அல்லது போக்கியத்துக்கு மொத்தப் பணம் என்று கேட்டால் எங்கே போவார்கள்? 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும் என்றது. சட்டம் ஒப்பந்தத்தைச் சரிசெய்யும், வீட்டைக் கட்டித் தராது.

அப்படி இடம் கிடைக்காதவர்கள் எங்கே போகிறார்கள்? விலை குறைந்த இடத்துக்கு. விலை குறைந்த இடம் பெரும்பாலும் தாழ்ந்த இடம். கடலூரில் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் இருக்கிறது. 1690ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை அவர்களுக்கு என்று பேச்சு. அந்தக் 'குண்டு கிராமங்களின்' நினைவுதான் அந்தப் பெயர் என்பார்கள். அந்தக் காலத்திலும் நிலம் வாங்கியவன் எல்லையைத்தான் பார்த்தான், ஆற்றைப் பார்க்கவில்லை. 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலை ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரை தாண்டி உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் நுழைந்தது. நகர் பெயர்ப் பலகைகள் தண்ணீரில் நின்றன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டியவர் மொட்டை மாடியில் நின்றார். அவர் கட்டியது குற்றமா? வேறு இடம் அவர் கைக்கு எட்டாதபடி வைத்தது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

எனக்குத் தோன்றும் தீர்வு பெரிய தத்துவம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு 'தோழி' விடுதிகள் நடத்துகிறது. வாடகைக்குத் தங்க இடம் கட்டும் பயத்தை அரசு ஏற்றால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அதே வழியில் கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் குடும்பங்களுக்கு வாடகை வீடு கட்டட்டும், மேட்டு நிலத்தில், பஸ் போகும் இடத்தில். அங்கீகரித்த மனைப்பிரிவில் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும் மனைக்கு ஏறுமுகமாக வரி போடட்டும். கேட்பதற்குக் கசக்கும். எனக்கும் ஒரு மனை சும்மா கிடக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதுவரை, மனை வாங்கப் போகும் என் மாணவர்களுக்கு மூன்று சொல். வில்லங்கச் சான்று மட்டும் போதாது, அ-பதிவேட்டில் அந்த நிலம் ஏரியா, வாய்க்காலா, நஞ்சையா என்று பாருங்கள். புலப்படத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கடைசியாக, சித்திரை வெயிலில் புரமோட்டர் காரில் ஏறிப் போய் மனை பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடையோடு தனியாகப் போய்ப் பாருங்கள். கல் தெரிந்தால் வாங்கலாம்.

உங்கள் ஊரில் எப்படி என்று கீழே எழுதுங்கள். படித்துப் பதில் சொல்கிறேன்.